கேமராவுக்கு இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி, உங்க வீடியோவைக் கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை கேளுங்க



2025 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கணியம்பாடியில எங்க வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கர். சம்பளம் 27,000. நம்ம வீடியோ எல்லாம் பார்ப்பாராம். கையில ஒரு கொட்டேஷன் வெச்சிருந்தார். கேமரா, லென்ஸ், லைட், மைக் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். 12 மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 10,000.

"அண்ணா, இதை வாங்கினா டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?" இதுதான் அவரோட கேள்வி.

நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேட்டேன். "எதுக்கு தம்பி கேமரா?"

அவர் ஒரு சேனல் வெச்சிருக்கார். நல்ல தோல் எது, ரெக்சின் எது, ஷூ வாங்கும்போது எங்க பார்க்கணும், தையல் எப்படி இருக்கணும்னு சொல்ற சேனல். ஒரு வருஷம், 40 வீடியோ. பார்வைகள் நூறு, இருநூறு. அந்த ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல 50 சதவீத வரி போட்டிருந்த நேரம். அவர் கம்பெனியில ஓவர்டைமை நிறுத்திட்டாங்க. அடுத்து ஷிப்டும் குறையுமோன்னு பயம். "ரெண்டாவது வருமானம் ஒண்ணு வேணும்ணா. சேனல் ஓடாததுக்குக் காரணம் குவாலிட்டிதான். நல்ல கேமரா இருந்தா ஓடிடும்" அப்படின்னார்.

நியாயமான பயம். ஆனா முடிவு சரியான்னு பார்க்கணும் இல்லையா? அவர்கிட்ட அவசர கால சேமிப்பு 54,000 இருந்தது. ரெண்டு மாசச் சம்பளம். வேலை ஆடிக்கிட்டு இருக்கிற நேரத்துல மாசம் 10,000 கட்டாயச் செலவைத் தலையில ஏத்திக்கப் போறார்.

"சரி, உங்க வீடியோ ஒண்ணைப் போடுங்க. ஆனா பார்க்க வேணாம். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு கேட்போம்"னு சொன்னேன்.

போட்டார். ஒரு நிமிஷம் கூட ஆகல. சமையலறையில இருந்து எங்க அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கீது?"ன்னாங்க.

அந்தத் தம்பி முகம் வாடிப் போச்சு. ஆனா 1,20,000 ரூபாய் கேள்விக்கு அன்னைக்குக் கிடைச்ச சரியான பதில் அதுதான். அவர் பிரச்சினை படம் இல்லை, சத்தம். அந்தக் கொட்டேஷன்ல மைக்குக்கு ஒதுக்கின தொகைதான் எல்லாத்தையும் விடக் கம்மி.

இந்தக் கட்டுரை அவருக்காக எழுதினது. ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உட்கார்ந்து வீடியோ எடுக்கிற உங்க எல்லாருக்கும்தான். முதல்ல டெக்னிக்கல் விஷயம், அப்புறம் பணக் கணக்கு.

கிராமத்துத் தாத்தாவோட சேனல் என்ன சொல்லுது?

"நல்ல கருவி இருந்தாதான் ஜெயிக்க முடியும்"னு நினைக்கிறவங்களுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணம் வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துல ஒரு குடும்பம், 2018ல ஆரம்பிச்சாங்க. தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் சேர்ந்து வயல்வெளியில சமைப்பாங்க. 2021 ஜனவரியில ராகுல் காந்தி அவங்களோட உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருஷம் ஜூலையில 1 கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டின முதல் தமிழ் சேனல் ஆனாங்க. அந்தச் சமயத்துல முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தாங்க.

அவங்க வீடியோ ஒண்ணை இப்ப பேனாவும் பேப்பருமா உட்கார்ந்து பாருங்க. சமையலை விட்டுட்டு வேலை செஞ்சிருக்கிற விதத்தைப் பாருங்க.

வெளிச்சம்? சூரியன். வாடகை இல்லை. சத்தம்? அம்மியில அரைக்கிறது, எண்ணெயில கடுகு பொரியறது, பொருள் பேரைச் சத்தமா சொல்றது. எல்லாம் தெளிவா, பக்கத்துல இருந்து கேட்கும். மேல பாட்டு போட்டு மூடல. திறந்த வெளிங்கறதால எதிரொலி கிடையாது. வளவளன்னு பேச்சும் இல்லை. அதனால தமிழ் தெரியாதவங்களும் பார்க்கறாங்க.

பெரிய ஸ்டுடியோ செய்யற மூணு வேலையை, அதாவது நல்ல வெளிச்சம், பக்கத்துல இருந்து சத்தம், தேவையில்லாததை வெட்டறது, இவங்க வயல்லயே செஞ்சுட்டாங்க. நாம படுக்கையறையில டியூப்லைட்டுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு, இந்த மூணையும் விட்டுட்டு கேமரா விலையைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

முதல் வேலை: மைக்கைப் பக்கத்துல கொண்டு வாங்க

பார்க்கறவங்க மங்கலான படத்தைக் கூடப் பொறுத்துக்குவாங்க. புரியாத பேச்சைப் பொறுத்துக்க மாட்டாங்க. பஸ்ல, கேன்டீன்ல, வண்டிச் சத்தத்துக்கு நடுவுல போன் ஸ்பீக்கர்ல கேட்கறாங்க. ஒரு வார்த்தை விட்டுப் போனா விரல் தானா அடுத்த வீடியோவுக்குப் போயிடும்.

கிணத்துச் சத்தம் ஏன் வருது? போன் உங்ககிட்ட இருந்து 6 அடி தள்ளி இருக்கு. உங்க குரல் நேரா மைக்குக்குப் போகுது. அதே குரல் நாலு சுவர்லயும் மொசைக் தரையிலயும் மோதி, கொஞ்சம் லேட்டாவும் போகுது. தூரம் அதிகமா இருந்தா நேரா போற குரல் பலவீனமாகும், எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். ரெண்டும் கலந்தா கிணறு.

கணக்கு சுலபம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினா நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும். 6 அடியை 3 ஆக்கு, 1.5 ஆக்கு, முக்கால் அடி ஆக்கு. மூணு தடவை பாதி, மொத்தம் 18 டெசிபல். முக்கால் அடின்னா 9 அங்குலம், ஏறக்குறைய ஒரு சாண். சட்டையில மோவாய்க்கு ஒரு சாண் கீழ கிளிப் மைக்கைக் குத்தணும். அவ்வளவுதான் ரகசியம். எந்தக் கேமராவும் இந்த 18 டெசிபலைக் கொடுக்காது.

வயர் வெச்ச கிளிப் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது. வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. நிறைய போன்ல இப்ப பழைய வட்ட ஆடியோ ஓட்டை இல்லை. மைக்கோட பின்னும் உங்க போனும் பொருந்துமா, கன்வெர்ட்டர் வேணுமான்னு கேட்டு வாங்குங்க. கன்வெர்ட்டர் மாட்டினதும் மைக்கை விரலால லேசா தட்டிப் பாருங்க. ரெக்கார்டிங்ல டொக் டொக்னு பெருசா கேட்டாத்தான் போன் அந்த மைக்கை எடுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா அது பாட்டுக்குத் தன்னோட சொந்த மைக்லயே எடுத்துக்கிட்டு இருக்கும். நீங்க அரை மணி நேரம் பேசி முடிச்சப்புறம்தான் தெரியும். எனக்கு நடந்திருக்கு.

ஆயிரம் ரூபாய் கூட வேணாமா? வீட்டுல இருக்கிற பழைய போன்ல வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்குங்க. ரெண்டு போனும் ஓட ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி ஒரு தடவை கை தட்டுங்க. எடிட்டிங்ல அந்தக் கைதட்டலை வெச்சு ரெண்டையும் பொருத்திக்கலாம். செலவு பூஜ்யம். நீளமா எடுத்தா கடைசியில உதடும் பேச்சும் லேசா விலகலாம். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மறுபடி தட்டிக்குங்க.

அடுத்தது அறை. இங்க அந்தத் தம்பி ஒரு வேலை பண்ணினார். கம்பெனி ஸ்கிராப்ல விலைக்கு வாங்கின ஷூ அடிப்பாகத்து ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட்டை எல்லாம் கொண்டு வந்து சுவர் முழுக்க ஒட்டிட்டார். எதிரொலி அப்படியே இருந்தது. ஏன்னா, ஈ.வி.ஏ. உள்ள இருக்கிற சின்னச் சின்னக் காத்துக் குமிழ் எல்லாம் மூடியிருக்கும். அதனாலதான் அது தண்ணியை உறிஞ்சாது, காலுக்கு மெத்துன்னு இருக்கும். சத்தத்தை உறிஞ்சணும்னா காத்து உள்ள நுழையற பொருள் வேணும். பஞ்சு, போர்வை, கனமான துணி. கடைசியில பஞ்சு மெத்தையைச் சுவத்துல சாய்ச்சு, ரெண்டு போர்வையைக் கொடியில தொங்கவிட்டோம். கிணறு காணாமப் போச்சு. துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வெச்சுட்டு அதைப் பார்த்துப் பேசினாக்கூட நல்ல வித்தியாசம் தெரியும்.

ஃபேனை நிறுத்தணும். நம்ம வேலூர் வெயில்ல இதைச் சொல்றது பாவம்தான், தெரியும். அதனால முழு வீடியோவையும் ஒரே மூச்சுல எடுக்காதீங்க. ஐந்து நிமிஷம் பேசுங்க, ஃபேன் போட்டு ஆறுங்க, மறுபடி எடுங்க. எங்க வீடு வேலூர் – திருவண்ணாமலை ரோட்டுக்குப் பக்கம். பகல்ல லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிக்காம இருந்த நிமிஷம் கிடையாது. நான் காலையில அஞ்சு மணிக்குத்தான் எடுக்கறேன். வெளிச்சம் வேணும்னா ஆறரை.

சத்தத்தோட அளவு: பேசும்போது உச்சம் மைனஸ் 12ல இருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள இருக்கட்டும். சிவப்பைத் தொட்டா கரகரன்னு உடையும், அதை அப்புறம் சரி பண்ண முடியாது. எடிட் முடிச்சு ஏத்தும்போது மொத்தச் சத்தம் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். பக்கம் இருந்தா போதும். அதை விட அதிகமா வெச்சா யூடியூப் தானே குறைச்சுடும். ஆனா கம்மியா வெச்சா அது ஏத்திக் கொடுக்காது. உங்களுக்கு முன்னாடி ஓடின விளம்பரம் கத்தும், நீங்க முனகுவீங்க.

ரெண்டாவது வேலை: ஜன்னலை ஒரு பக்கமா வெச்சுக்குங்க

ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்தா முகம் கருப்பா போயிடும். நேர் முன்னாடி இருந்தா முகம் தட்டையா இருக்கும். முன்னாடி கொஞ்சம் சாய்வா, ஒரு பக்கமா இருந்தா அழகு. இன்னொரு பக்கம் நிழல் அதிகமா இருந்தா ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டை நிறுத்துங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பும்.

இதை அவருக்கு விளக்கும்போது அவரே சிரிச்சார். "அண்ணா, இதைத்தானே நான் தினமும் பண்றேன்!" தோல்ல கீறல், கொசுக்கடி, சுருக்கம் இருக்கான்னு பார்க்க அதைத் தட்டையா வெச்சுப் பார்க்க மாட்டாங்களாம். பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி சாய்ச்சுப் பிடிச்சுப் பார்ப்பாங்களாம். அப்பத்தான் மேடு பள்ளம் தெரியும். ஆனா அவர் வீடியோவுல அதே தோலை டியூப்லைட்டுக்கு நேர் கீழ வெச்சுக் காட்டியிருந்தார். நல்ல தோலும் ரெக்சினும் ஒரே மாதிரி தெரிஞ்சது. சேனலே அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான்! தோலை ஜன்னல் பக்கம் கொண்டு போய்ச் சாய்ச்சார். பழைய போன்லயே துளைத் துளையா அந்த ரேகை தெரிஞ்சது. கேமரா மாறல.

உங்க வேலையில தினமும் பயன்படுத்தற ஒரு அறிவு உங்க வீடியோவுக்கும் உதவும். அதைத் தேடிப் பாருங்க.

டியூப்லைட், எல்.இ.டி. போட்டு எடுத்தா சில சமயம் படத்துல கறுப்புப் பட்டை ஓடுமே, பார்த்திருக்கீங்களா? போன் கெட்டுப் போகல. இந்தியாவுல கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால அந்த மாதிரி லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்குது. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ். அங்க இருக்கிறவங்க வீடியோவைப் பார்த்து ஷட்டரை 60ல ஒரு பங்குன்னு வெச்சா நம்ம ஊர் லைட்டோட ஒத்துப் போகாது. போன்ல ப்ரோ மோடு இருந்தா ஷட்டர் 50ல ஒரு பங்கு அல்லது 100ல ஒரு பங்கு வெச்சு, விநாடிக்கு 25 ஃபிரேம் எடுங்க. பட்டை நின்னுடும். பகல் வெளிச்சத்துல எடுத்தா இந்தத் தொல்லையே இல்லை.

மத்ததெல்லாம் காசு செலவில்லாத வேலை. லென்ஸைப் பருத்தித் துணியால துடைங்க. செல்ஃபி கேமராவை விட்டுட்டு பின் கேமராவுல எடுங்க. திரையில முகத்தை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் பண்ணுங்க. இல்லைன்னா கை அசையும்போதெல்லாம் படம் வெளுத்து வெளுத்துக் கருக்கும். போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்க. ஏரோபிளேன் மோடு போடுங்க. நடுவுல கிரெடிட் கார்டு வேணுமான்னு போன் வரும்.

கணக்கு, எக்செல் காட்டறவங்களுக்கு இன்னொண்ணு. உங்க லேப்டாப்ல பெருசா தெரியற எண், அவங்க போன்ல எறும்பு மாதிரி தெரியும். ஷீட்டை 200 சதவீதம் பெருசாக்கி, தேவையான நாலு கட்டத்தை மட்டும் காட்டுங்க.

மூணாவது வேலை: முதல் அரை நிமிஷத்தை வெட்டுங்க

யூடியூப் ஸ்டுடியோவுல ஒவ்வொரு வீடியோவுக்கும் எந்த விநாடியில எத்தனை பேர் போனாங்கன்னு ஒரு கோடு இருக்கும். முதல் 30 விநாடி தாண்டி எத்தனை சதவீதம் பேர் இருக்காங்கன்னும் காட்டும். அந்தத் தம்பியோட கோடு ஆரம்பத்துலயே சரசரன்னு இறங்கிடுச்சு. காரணம், முதல் 20 விநாடி லோகோ சுத்துது, இசை, அப்புறம் "நம்ம சேனலுக்கு முதல் தடவை வர்றீங்கன்னா" ஆரம்பம்.

அதை எல்லாம் எடுத்துட்டு, ரெண்டு ஷூவைக் கையில வெச்சுக்கிட்டு "இதுல ஒண்ணு தோல், ஒண்ணு இல்லை. எதுன்னு காட்டறேன்"னு ஆரம்பிக்கச் சொன்னேன். அதுக்கு எந்தக் கருவியும் வேணாம். கத்தரிக்கோல் போதும்.

எடுத்த வீடியோவை ஏத்தறதுக்கு முன்னாடி மூணு சோதனை. கண்ணை மூடிக் கேளுங்க, புரியுதா? சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க, என்ன நடக்குதுன்னு தெரியுதா? ஃபேன் ஓடற இடத்துல, ஹெட்போன் இல்லாம, போன் ஸ்பீக்கர்ல வீட்டுல ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்க. எந்த இடத்துல அவங்க "என்ன சொன்னே?"ன்னு கேட்கறாங்களோ, அங்கதான் வேலை பாக்கி இருக்கு.

இப்ப பணக் கணக்குக்கு வருவோம்

அந்தத் தம்பி கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா? "டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?"

நிறைய பேர் நினைக்கிறது, 1,20,000க்குக் கேமரா வாங்கினா 1,20,000 வரி குறையும்னு. இல்லவே இல்லை. கேமரா ஒரு சொத்து. வருஷா வருஷம் தேய்மானமாத்தான் கழிக்க முடியும். அதுவும் சேனலைத் தொழிலா நடத்தி, அந்த வருமானத்துக்கு எதிரா. கேமரா மாதிரி இயந்திரத்துக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். அந்த வருஷத்துல 180 நாளுக்குக் கம்மியா பயன்படுத்தியிருந்தா அதுலயும் பாதிதான்.

15 சதவீதம்னா முதல் வருஷம் 18,000 கழியும். நீங்க 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து மிச்சமாகிற வரி 3,744 ரூபாய். 3,744 மிச்சம் பிடிக்க 1,20,000 செலவு. இதுக்குப் பேர் வரித் திட்டமிடல் இல்லை.

அந்தத் தம்பி விஷயத்துல இன்னும் மோசம். 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில, சாதாரண வருமானம் 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி போக வரியே கிடையாது. அவர் வருஷச் சம்பளம் மூணேகால் லட்சம். வரி பூஜ்யம். பூஜ்யத்துல எதைக் கழிக்கிறது?

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யும் முழுசா இலவசம் இல்லை. கிரெடிட் கார்டுல எடுத்தா, வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியா கொடுப்பாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும், பிராசசிங் கட்டணமும் உங்க பில்லுல வரும். கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க.

வருமானம் எப்ப வரும்? நீளமான வீடியோ விளம்பரத்துல பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். ஷார்ட்ஸ் வழியா வந்தா 90 நாள்ல 1 கோடி பார்வை. அதுக்கப்புறம் நீளமான வீடியோவுல வர்ற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் உங்களுக்கு. கணக்குல 100 டாலர் சேர்ந்தாத்தான் பணம் கைக்கு வரும்.

ஒரு உதாரணத்துக்கு 1,000 பார்வைக்கு உங்க கைக்கு 40 ரூபாய் வருதுன்னு வைங்க. 1,20,000 ரூபாய் கேமரா விலையை எடுக்க 30 லட்சம் பார்வை வேணும். 1,860 ரூபாய் செட்டப்புக்கு 46,500 பார்வை போதும். 40ங்கறது நான் வெச்ச எண். உங்க சேனல்ல வர்ற நிஜ எண்ணைப் போட்டுப் பாருங்க.

1,860 எங்க இருந்து வந்தது? அதுதான் தம்பி கடைசியில செலவு பண்ணினது. கிளிப் மைக் 850, ட்ரைபாட் 700, கன்வெர்ட்டர் 250, தெர்மாகோல் 60. மெத்தை வீட்டுல இருந்தது.

நான் சொல்ற விதி இதுதான்: அடுத்த கருவியைச் சேனல் சம்பாதிச்ச பணத்துல மட்டும் வாங்குங்க. சம்பளத்துல இருந்து ஒரு தடவை சின்ன முதலீடு போடலாம். அது ஒரு மாசச் சம்பளத்துல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவசர கால நிதியில கை வைக்கவே கூடாது.

சம்பளக்காரங்க மறக்கற நாலு விஷயம்

ஒண்ணு, ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளி வருமானத்துக்கு முன் அனுமதி கேட்கற கம்பெனி நிறைய. வேலை செய்யற இடத்துல ஷூட் பண்ணவே பண்ணாதீங்க. ஷூ கம்பெனின்னா வெளிநாட்டு பையரோட புது டிசைன் மேஜையில இருக்கும். பின்னணியில அது ஒரு விநாடி தெரிஞ்சாலும் உங்க வேலைக்கு ஆபத்து.

ரெண்டு, சேனல்ல இருந்து தொடர்ந்து பணம் வர ஆரம்பிச்சா அது தொழில் வருமானம். ஐ.டி.ஆர். 1 போதாது, 3 அல்லது 4க்குப் போகணும். தொழில் வருமானம் இருக்கிறவங்க சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் பழைய முறை, புதிய முறைன்னு மாறி மாறிப் போக முடியாது. வீட்டுக் கடன் கழிவுக்காகப் பழைய முறையில இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு முடிவெடுங்க.

மூணு, உங்க வீடியோவை அமெரிக்காவுல இருக்கிற தமிழர்களும் பார்ப்பாங்க. அந்தப் பார்வையில வர்ற வருமானத்துக்கு அங்க வரி பிடிப்பாங்க. ஆட்சென்ஸ்ல வரி விவரப் படிவத்தை பான் எண்ணோட நிரப்பினா, இந்தியா – அமெரிக்கா ஒப்பந்தப்படி அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். நிரப்பாம விட்டா உலகம் முழுக்க வந்த மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் பிடிக்கலாம். பத்து நிமிஷ வேலை, தள்ளிப் போடாதீங்க.

நாலு, இலவசமா அனுப்பற மைக், லைட், ஷூ எல்லாம் நீங்களே வெச்சுக்கிட்டா அதுவும் வருமானம்தான். ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கணும். திருப்பி அனுப்பிட்டா வருமானம் இல்லை. அனுப்பின ரசீதை வெச்சுக்குங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

"ஆறே வாரத்துல லட்சம் சப்ஸ்கிரைபர்"னு முடிச்சா உங்களுக்கும் பிடிக்கும். ஆனா அது நடக்கல. அவர் இன்னும் 1,000 சப்ஸ்கிரைபரைத் தொடல. ஆனா "வாய்ஸ் கேட்கல ப்ரோ"ங்கறது நின்னுடுச்சு. அதுக்குப் பதிலா, "கல்யாணத்துக்கு ஷூ வாங்கணும், 3,000 பட்ஜெட்ல எந்தத் தோல் பார்க்கலாம்?"னு ஆள் கேட்கறாங்க. கேட்கறவங்க வந்துட்டாங்கன்னா சேனலுக்கு அடுத்த படி இருக்கு.

நவம்பர்ல அவர் பயந்தது நடந்தது. கம்பெனியில வேலை நாளைக் குறைச்சாங்க. அந்த மாசம் கைக்கு வந்தது 19,000. போன் பண்ணினார். குரல்ல பதட்டம் இல்லை. "அண்ணா, அந்த இ.எம்.ஐ. இருந்திருந்தா இந்த மாசம் 9,000தான் மிஞ்சியிருக்கும். வாடகையே 5,000" அப்படின்னார். சேமிப்புல இருந்து கொஞ்சம் எடுத்துச் சமாளிச்சுட்டார். அந்த வாரமும் வீடியோ போட்டார்.

ஒருநாள் அவர் நிச்சயம் அந்தக் கேமராவை வாங்குவார். வாங்கவும் வேணும். சேனல் பணத்துல, மொத்தமா கொடுத்து வாங்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க கடைசி வீடியோவை எடுங்க. போன் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் கேளுங்க. முடிஞ்சா அம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க. அவங்க உண்மையைச் சொல்லிடுவாங்க.